டாபு (1931): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? யார் எடுத்தது?

பசிபிக் கடலில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த தாஹித்தி, போரா போரா தீவுகளில் 1930இல் எடுக்கப்பட்ட அமெரிக்க மௌனப்படம். 1931 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் வெளியானது. இயக்கியவர் ‘நொஸ்பெராட்டு’ (1922), ‘சன்ரைஸ்’ (1927) படங்களின் இயக்குநரான ஜெர்மானியர் எஃப். டபிள்யூ. முர்னோ. கதையை அவரோடு சேர்ந்து அமைத்தவர் ‘நானூக்’ (1922) எடுத்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. ஒளிப்பதிவு ஃபிளாய்ட் கிராஸ்பி, இசை ஹியூகோ ரீசன்ஃபெல்ட், வெளியீடு பாரமவுண்ட்.

கதை என்ன? (முடிவும் சொல்லப்படுகிறது)

போரா போராவில் மட்டாஹி என்ற மீனவ இளைஞனும் ரெரி என்ற பெண்ணும் காதலிக்கிறார்கள். ஒருநாள் பாய்மரக் கப்பல் ஒன்று வருகிறது. அதில் வந்திறங்கும் ஹிட்டு என்ற முதிய வீரன் ஃபனுமா தீவுத் தலைவனின் ஓலையைக் கொண்டுவருகிறான். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கன்னி இறந்துவிட்டாள், அவள் இடத்துக்கு ரெரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இனி அவள் ‘டாபு’, அதாவது விலக்கப்பட்டவள், எந்த ஆணும் அவளைத் தொடக்கூடாது, ஆசையோடு பார்க்கவும் கூடாது என்பது அதில் இருக்கும் செய்தி. மீறினால் சாவு.

அன்றிரவே இருவரும் ஓடத்தில் தப்பி, முத்துக்குளிப்பு நடக்கும் ஒரு பிரெஞ்சுத் தீவுக்குப் போகிறார்கள். மட்டாஹி அங்கே முதல்தரமான மூழ்காளியாகிறான். ஆனால் பணம் என்றால் என்ன, கையெழுத்து என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. கொண்டாட்டத்தில் ஊருக்கே ஊற்றிக்கொடுத்த ஷாம்பெயினுக்கு அவன் போட்ட கையெழுத்துகளெல்லாம் கடைக்காரரிடம் கடன்சீட்டாகச் சேருகின்றன. தேடிவந்த போலீஸ்காரரை ஒரு முத்தைக் கொடுத்துச் சமாளிக்கிறான். ஹிட்டுவைச் சமாளிக்க முடியவில்லை. கப்பல் டிக்கெட் வாங்கப் போனால், கையிலிருந்த காசு கடனுக்கே போய்விடுகிறது.

சுறா காவல் இருப்பதால் யாரும் இறங்காத ஒரு விலக்கப்பட்ட இடத்தில், இரவில் தனியாக மூழ்கிப் பெரிய முத்தை எடுத்துவருகிறான். அதற்குள், அவன் உயிரைக் காப்பாற்ற ரெரி ஹிட்டுவோடு கிளம்பிவிட்டாள். படகைத் துரத்தி நீந்துகிறான். தொங்கும் கயிற்றைப் பிடித்தும்விடுகிறான். ஹிட்டு கயிற்றை அறுக்கிறான். அதற்குப் பிறகும் நீந்துகிறான், கை ஓயும்வரை.

1931இல் பேசும்படம் வந்துவிட்டதே. ஏன் மௌனப்படம்?

முர்னோ விரும்பித்தான் அப்படி எடுத்தார். ஃபாக்ஸ் நிறுவனத்தில் அவர் எடுத்த கடைசிப் படத்தில், அவர் விலகிய பிறகு, பேச்சுக் காட்சிகளை வேறு ஆட்களை வைத்து எடுத்துச் சேர்த்தார்கள். இன்னொருவர் தலையீடு இல்லாத படம் வேண்டும் என்றுதான் ஹாலிவுட்டை விட்டே கிளம்பினார். ஒலிப்பதிவுக் கருவிகளைப் பவளத்தீவுக்குக் கொண்டுபோவதும் அன்று நடக்கிற காரியமல்ல.

ஆனால் முழுமௌனமும் அல்ல. ரீசன்ஃபெல்டின் இசை பிலிமின் ஓரத்திலேயே பதிவாகி, பிரிண்டோடு சேர்ந்தே வந்தது. பேச்சு கிடையாது. சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ அதே ஆண்டு ஜனவரியில் இதே முறையில்தான் வந்தது. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால், தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ அந்த ஆண்டு அக்டோபர் 31இல் வெளியானது.

இது ஃபிளாஹர்ட்டி படமா, முர்னோ படமா?

முர்னோ படம். ‘ஃபிளாஹர்ட்டி–முர்னோ’ என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் நிறுவனப் பெயரிலிருந்து வந்தது. இருவரும் 1929இல் கூட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். பணம் போடுவதாக ஒப்புக்கொண்ட கலரார்ட் என்ற சிறு நிறுவனம் தவணைகளை அனுப்பவே இல்லை. முர்னோ தன் பாய்மரப் படகான ‘பாலி’யில் தீவுகளைச் சுற்றிக்கொண்டு தாஹித்தி வந்து சேர்ந்தபோது, ஃபிளாஹர்ட்டி முன்பே அங்கு இருந்தார். பணம் மட்டும் வந்திருக்கவில்லை.

கலரார்ட்டுக்காக எழுதிய முதல் கதை வேறு. அதை அப்படியே எடுத்தால் அந்த நிறுவனம் உரிமை கொண்டாடும் என்பதால் மாற்றி எழுதினார்கள். அதில்தான் பிளவு. தீவு மக்கள் வாழ்வைப் பதிவுசெய்ய வேண்டும், முத்து வியாபாரிகள் அவர்களைச் சுரண்டுவதைக் காட்ட வேண்டும் என்பது ஃபிளாஹர்ட்டியின் எண்ணம். விதி துரத்தும் ஒரு காதல் துயரக்கதை வேண்டும் என்பது முர்னோவின் எண்ணம். படத்துக்குத் தன் சொந்தப் பணத்தைப் போட்டது முர்னோ என்பதால் அவர் சொன்னதுதான் நடந்தது. ஹாலிவுட்டிலிருந்து வரவிருந்த குழுவை நிறுத்திவிட்டு, தீவுக்காரர்களையே உதவியாளர்களாகப் பழக்கினார்கள்.

ஃபிளாஹர்ட்டி தொடக்கக் காட்சிகள் சிலவற்றை எடுத்தார். அவர் கேமரா பிலிமைக் கிழித்துக்கொண்டே இருந்ததால் கிராஸ்பியை வரவழைத்தார்கள். அதன்பின் ஃபிளாஹர்ட்டியின் வேலை பெரும்பாலும் பிலிம் கழுவும் அறையோடு நின்றது. கடைசியில் தன் பங்கை 25,000 டாலருக்கு முர்னோவிடமே விற்றுவிட்டார். பாரமவுண்ட் முர்னோவுக்குக் கொடுத்தது 75,000 டாலர். ஏறக்குறைய 1,50,000 டாலர் செலவான படம் அது.

முதல் பாதியின் மீன்பிடிப்பில் ஃபிளாஹர்ட்டியின் கண் தெரிகிறது என்பது நியாயமான பேச்சு. இரண்டாம் பாதியில் அவர் சாயல் துளியும் இல்லை.

எங்கே எடுத்தார்கள்?

‘சொர்க்கம்’ என்ற முதல் பகுதி பெரும்பாலும் போரா போராவில். தாஹித்திக்கு வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டரில் உள்ள தீவு அது. நடுவில் 727 மீட்டர் உயர ஒட்டெமானு மலை, சுற்றிலும் களப்பு எனும் ஆழம் குறைந்த உள்கடல், அதைச் சுற்றிப் பவளத் திட்டு, கப்பல் நுழைய ஒரே வாய். தொடக்க மீன்பிடிக் காட்சிகள் மோட்டு தாப்பு என்ற குட்டித் திட்டில் எடுத்தவை. ‘இழந்த சொர்க்கம்’ என்ற இரண்டாம் பகுதி நடக்கும் பிரெஞ்சுத் தீவுக்குப் படத்தில் பெயர் கிடையாது. தேட வேண்டாம்.

கப்பல் வரும் காட்சியில் ஊரே ஓடங்களில் பாய்ந்து போகிறதே, அதைப் பார்க்கும்போது களப்பின் அமைப்பைக் கவனியுங்கள். வெளிக்கடல் அலை பவளத் திட்டில் உடைந்துவிடுவதால் உள்ளே தண்ணீர் தட்டையாக இருக்கும். ஓடத்திலிருந்தே கேமரா ஆடாமல் எடுக்க முடிந்தது அதனால்தான். கடைசிக் காட்சியில் திறந்த கடலின் அலை வரும்போது வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

வெப்பத் தீவில் பிலிமை எப்படிக் கழுவினார்கள்? என்ன கெடும்?

எடுத்ததைக் கழுவாமல் மாதக்கணக்கில் கப்பலில் அனுப்பினால் இரண்டு ஆபத்து. ஒன்று, சூட்டிலும் ஈரத்திலும் பதிந்த பிம்பம் மங்கும். இரண்டு, காட்சி கெட்டிருந்தால் தெரிய வருவதற்குள் நடிகர்கள், பருவம் எல்லாம் மாறியிருக்கும். எனவே அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படப்பிடிப்புகளில் கழுவும் அறை தீவிலேயே இருந்தது.

பிரச்சினை ஜெலட்டின். பிலிமின் மேல் வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பிம்பத்தை வெளிக்கொணரும் கரைசலான டெவலப்பர் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 24ஐத் தாண்டினால் ஜெலட்டின் ஊதி மெத்தென்று ஆகும், நகம் பட்டாலே கீறல் விழும். இன்னும் சூடானால் ஓரத்திலிருந்து உரிந்து வரும். ஒரு தொட்டி குளிர்ச்சியாகவும் அடுத்த தொட்டி சூடாகவும் இருந்தால் வேறு கேடு: ஜெலட்டின் சுருங்கி, காய்ந்த குளத்துச் சேற்றைப் போலப் பாளம் பாளமாக வெடிக்கும். அதைத் திருத்த வழியே இல்லை. எனவே எல்லாத் தொட்டியும், கழுவும் தண்ணீர் உட்பட, ஒரே வெப்பத்தில் இருப்பதுதான் குளிர்ச்சியைவிட முக்கியம்.

அன்றைய கைவழிகள் இவை. வேலையை இரவில், விடிவதற்கு முந்தைய குளிர்ந்த நேரத்தில் வைப்பது. ஐஸ் கிடைத்தால் தொட்டிக்கு வெளியே போடுவது, கரைசலுக்குள் போட்டால் அது நீர்த்துவிடும். டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்த்து ஜெலட்டின் ஊதுவதைக் குறைப்பது. பிறகு குரோம் படிகாரக் கரைசலில் முக்கி இறுக்குவது. ஒவ்வொரு ரோலுக்கும் முன் ஒரு முழ அளவு துண்டை வெட்டிக் கழுவிப் பார்த்து நேரத்தை முடிவுசெய்வது. உலர்த்தும் இடத்தில் மணலும் உப்புக்காற்றும் புகாமல் துணி கட்டுவது.

தண்ணீரின் விஷயத்தில் ஃபிளாஹர்ட்டி ஏற்கெனவே அடிபட்டவர். சமோவாவில் ‘மோனா’ (1926) எடுத்தபோது ஒரு குகைக்குள் இருந்த குளத்தில் பிலிம் கழுவினார். கழுவிய வெள்ளி உப்பு அதே தண்ணீரில் சேர்ந்து நெகட்டிவில் புள்ளி விழுந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த அவரும் படுத்தார். ஓடும் தண்ணீர் இல்லாத இடத்தில் பிலிம் கழுவினால் இதுதான் நடக்கும்.

அன்றைய பிலிம் நைட்ரேட் அடிப்படை என்பதையும் மறக்கக்கூடாது. எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றினால் மூடி அணைக்க முடியாது. மக்கிப்போன ரோல் வெறும் வெயில் சூட்டிலேயே தீப்பிடிக்கலாம். தகரப்பெட்டியை நிழலில், காற்றோட்டத்தில் வைப்பது படத்துக்கு மட்டுமல்ல, ஆட்களுக்கும் பாதுகாப்பு.

கறுப்பு வெள்ளையில் அந்தக் கடலும் வானமும் எப்படி இவ்வளவு அழுத்தமாக வந்தன?

முன்பு பரவலாக இருந்த ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. மாநிறத் தோல் கரியாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் விழும். 1920களின் கடைசியில் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் வழக்கத்துக்கு வந்தது. தோலின் மினுமினுப்பு, தசையின் வளைவு எல்லாம் பதியத் தொடங்கியது. முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு வடிகட்டி போட்டால் வானம் இருளும், மேகம் திரண்டு நிற்கும்.

நிலநடுக்கோட்டுப் பக்கம் நடுப்பகல் வெயில் தலைக்கு நேர் மேலே இறங்கும். கண்குழி, மூக்கின் கீழ் எல்லாம் கருநிழல். அதனால் முகம் முக்கியமான காட்சிகளைக் காலை, மாலைச் சாய்வெயிலில் எடுப்பதும், பளபளப்பான பலகையால் ஒளியைத் திருப்பி நிழலை நிரப்புவதும்தான் வழி. கிராஸ்பிக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கார் கிடைத்தது. பின்னாளில் ‘ஹை நூன்’ (1952) ஒளிப்பதிவு செய்ததும் இவர்தான்.

வசன அட்டையே இல்லையே, கதை எப்படிப் புரிகிறது?

படத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. ஆரம்ப விளக்கமும் பகுதித் தலைப்புகளும் தவிர, பாத்திரங்கள் பேசுவதாக ஒரு அட்டைகூடக் கிடையாது. எழுத்து வரும்போதெல்லாம் அது கதைக்குள் இருக்கும் ஒரு தாள்: தலைவனின் ஓலை, போலீஸ்காரரின் பதிவேடு, ஹிட்டுவின் எச்சரிக்கை, கடைக்காரரின் கடன்சீட்டு, ரெரி எழுதிவைக்கும் பிரிவுக் கடிதம்.

இது சிக்கனத்துக்காகச் செய்த வித்தையாகத் தோன்றலாம். வரிசையாகப் பாருங்கள்: ஒவ்வொரு தாளும் காதலர்களிடமிருந்து எதையோ பறிக்கிறது. ஓலை ரெரியைப் பறிக்கிறது, பதிவேடு ஒளிவிடத்தை, சீட்டு பணத்தை, கடிதம் கடைசி நம்பிக்கையை. எழுத்து இல்லாத காட்சிகளில்தான் இருவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஓடையில் மிதந்துவரும் பூமாலை, நடனம், கொண்டாட்டம். படத்தின் பெயர் ஒரு தெய்வ விலக்கைச் சொல்கிறது, ஆனால் அவர்களை உண்மையில் மடக்குவது மட்டாஹி படிக்காமல் போட்ட கையெழுத்து. தெய்வத்திடமிருந்து தப்பி இன்னொரு தீவுக்கு ஓட முடிந்தது, கடனிடமிருந்து முடியவில்லை. ஹிட்டு வென்றதற்குப் பாதி காரணம் அந்தக் கடை.

ஷாம்பெயின் காட்சியை இரண்டாம் முறை பார்க்கும்போது கோப்பைகளை விட்டுவிட்டுத் தாள்களை மட்டும் பின்தொடருங்கள். சிரித்துக்கொண்டே நீட்டுகிறார்கள், சிரித்துக்கொண்டே போடுகிறான்.

இப்படி ஒரு ‘தெய்வக் கன்னி’ வழக்கம் உண்மையில் இருந்ததா?

படத்தில் உள்ளபடி இல்லை. ஃபனுமா தீவே கற்பனை. தாப்பு (டாபு) எனும் விலக்கு, பாலினேசியா எனும் பசிபிக் தீவுப் பகுதி முழுக்க இருந்த உண்மையான ஏற்பாடு. தலைவர்களின் உடல், சில இடங்கள், சில உணவுகள், இறப்புச் சடங்கில் ஈடுபட்டவர் எல்லாம் அதற்குள் வரும். களப்பின் ஒரு பகுதியில் குறிப்பிட்ட காலம் மீன்பிடிக்கக்கூடாது என்று விலக்கும் ராஹுயி என்ற முறை இன்றும் பிரெஞ்சு பாலினேசியாவில் நடைமுறையில் இருக்கிறது.

படம் எடுத்தபோது போரா போரா மக்கள் கிறிஸ்தவர்களாகி நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தாஹித்தியில் இரண்டாம் போமாரே அரசன் 1819இல் பிறப்பித்த சட்டத்தொகுப்போடு பழைய சடங்குகளும் நடனங்களும் ஒடுக்கப்பட்டன. எனவே நீங்கள் பார்ப்பது 1930இன் தீவு வாழ்க்கை அல்ல. கேமராவுக்காக மறுபடி உடுத்திய பழைய காலம். நடனத்தில் ஆடுபவர்களின் இடுப்பசைவும் கைகொட்டும் தாளமும் மட்டும் யாரும் சொல்லிக்கொடுத்து வந்தவை அல்ல. அந்த ஒரு காட்சியில் முர்னோ கேமராவை விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

கடன்சீட்டு வைத்திருக்கும் சீனக் கடைக்காரரைக் காட்டிய விதம், சீனர்களை அன்றைய படங்கள் வழக்கமாகக் காட்டிய ஒரே அச்சுதான். தாஹித்திக்குச் சீனர்கள் 1865 முதல் பருத்தித் தோட்டக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்ற பின்னணி படத்தில் எங்கும் இல்லை.

முத்துக்குளிப்பு எவ்வளவு உண்மை?

தொழில் உண்மை, முத்தின் அளவு மிகை. பிரெஞ்சு பாலினேசியாவில் துவாமோத்து பவளத்தீவுகளில் கருவிளிம்புச் சிப்பி எடுத்தார்கள். அங்கே முதல் வருமானம் சிப்பி ஓடு. பொத்தான் செய்ய ஐரோப்பாவுக்குப் போகும். முத்து கிடைத்தால் அதிர்ஷ்டம். மன்னார் வளைகுடாவில் நிலைமை தலைகீழ்: நம் சிப்பியின் ஓடு மெல்லியது, விலை போகாது. சிப்பியை அழுகவிட்டு அலசி முத்தை மட்டும் எடுத்தார்கள்.

துவாமோத்துக்காரர்கள் மூச்சை அடக்கி 30 மீட்டர் வரையும் அதற்குக் கீழேயும் போனார்கள். அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு. ஒரே மூழ்கலில் ஆபத்து குறைவு. நாள் முழுக்க, இடையில் சில நிமிடமே ஓய்ந்து மறுபடி மறுபடி மூழ்கினால் நைட்ரஜன் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். தலைசுற்றல், கைகால் விழுதல், சாவு. அவர்கள் இதைத் தாராவானா என்றார்கள். மங்காரேவா தீவில் மூழ்கலுக்கு இடையே 10 நிமிடமாவது ஓய்வெடுத்ததால் அங்கு இந்த நோய் வரவில்லை என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். படத்தில் ஆபத்து என்றால் சுறா மட்டும்தான். திரையில் நைட்ரஜன் தெரியாதே.

சுறாவுக்கு விலக்கு என்பதும் முழுக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. மன்னார் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர், கடல்கட்டி என்பவர், ஒவ்வொரு பருவத்திலும் இருந்தார். அவர் வராமல் மூழ்காளிகள் இறங்கமாட்டார்கள் என்பதால் அரசாங்கமே அவரை வைத்துக்கொண்டது. கிடைத்த சிப்பியில் அவருக்குப் பங்கும் உண்டு.

எந்தப் பிரதியைப் பார்ப்பது?

முழுமையானது 84 முதல் 86 நிமிடம். 1948 மறுவெளியீட்டில் சில பகுதிகள் குறைக்கப்பட்டன. இணையத்தில் சுற்றும் மங்கலான பிரதிகள் பல அந்த வழியில் வந்தவை. நேரத்தை மட்டும் வைத்து முடிவுகட்டவும் கூடாது. ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 24க்குப் பதில் 25 பிரேம் ஓடுபவை. 86 நிமிடப் படம் அதில் வெட்டே இல்லாமல் சுமார் 82½ நிமிடமாகும். மீட்டெடுத்த புளூரே கிடைத்தால் அதுதான் சரி. படத்தில் சேராத காட்சித் துண்டுகளைப் பெர்லினின் டாய்ச்ச கினமாதெக் தொகுத்திருக்கிறது. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததைப் பார்த்தால் ‘இயல்பாக நடந்ததைப் பிடித்தார்கள்’ என்ற எண்ணம் போய்விடும்.

எங்கள் ஊர்த் திரைப்பட இயக்கத்தில் திரையிட விரும்புகிறோம். எதெல்லாம் பிசகும்?

அதிகம் பிசகுவது படத்தின் வடிவம். பழைய, ஏறக்குறைய சதுரமான சட்டகம் இது. புரொஜெக்டரும் டிவியும் அகலத்திரைக்கு இழுத்துவிடும், ஆட்கள் குட்டையாகப் பருத்துத் தெரிவார்கள். ‘ஜூம்’ போட்டால் இன்னும் மோசம்: தலைகளும், கீழே உள்ள கடிதத்தின் கடைசி வரிகளும் போய்விடும். மெனுவில் 4:3 அல்லது ‘ஒரிஜினல்’ வையுங்கள். பக்கங்களில் கறுப்புப் பட்டை வரவேண்டும், வந்தால்தான் சரி.

அடுத்து, டிவியில் திரையிட்டால் அசைவை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். நீர்த்திவலைகளை அது குழம்பாக்கும். படத்தை நொடிக்கு 16 அல்லது 18 பிரேமுக்கு மெதுவாக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இசை பிலிமிலேயே பதிவானது, வேகம் 24தான். வேறு இசை போடுவதானால் முதலில் ஒருமுறை மூல இசையோடு காட்டுங்கள்.

மூன்றாவது, எழுத்து. தாள்கள் திரையில் நிற்கும் நேரத்துக்குள் ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள எல்லோராலும் முடியாது. சப்டைட்டில் செய்யத் தெரிந்தவர் இருந்தால், வருவது கொஞ்சம் வரிகள்தான், ஒரு மாலை வேலை. இல்லாவிட்டால் திரையோரம் ஒருவர் நின்று தமிழில் வாசிக்கலாம். நம் மௌனப்படக் கொட்டகைகளில் அப்படி விளக்கம் சொல்பவர் இருந்தது வழக்கம்தான். தாள் வந்ததும் வாசித்து, தாள் போனதும் நிறுத்திவிட வேண்டும். நடுவில் கதை சொல்ல ஆரம்பித்தால் படம் செத்தது.

அரங்கம் நன்றாக இருட்டாக இருக்கட்டும். நிலவொளிக் காட்சிகளில், குறிப்பாக ஹிட்டு குடிசை வாசலில் வந்து நிற்கும் இடத்தில், ஜன்னல் வெளிச்சம் பட்டால் ஒன்றுமே தெரியாது. திரையிடலை மாலை ஆறரைக்கு முன் வைக்காதீர்கள்.

உரிமை?

இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. அந்தக் கணக்கில் மூலப்படத்துக்கு இங்கே காலம் முடிந்துவிட்டது. புளூரேயில் உள்ள புதிய இசை, விளக்கவுரை, கூடுதல் அம்சங்களுக்குத் தனி உரிமை இருக்கலாம், வட்டு வெளியிட்டவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பொதுமக்களுக்குக் காட்டுவதானால் தணிக்கைச் சான்று விவகாரம் வரும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். சில காட்சிகளில் பெண்கள் மேலாடை இல்லாமல் வருவார்கள், அன்றே அது தணிக்கைத் தகராறானது. கொலை மிரட்டலும் நீரில் மூழ்கும் முடிவும் உண்டு. பத்து வயதுக்குக் கீழ் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தைப் பற்றி யோசியுங்கள்.

படத்துக்குச் சாபம் இருந்ததாமே?

விலக்கப்பட்ட திட்டில் படம் எடுத்தார்கள், பழைய புனித இடத்தில் முர்னோ வீடு கட்டினார், அதனால் செத்தார் என்று கதை ஓடுகிறது. நடந்தது இது: 1931 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவுக்கு அருகே கடலோரச் சாலையில், வாடகைக்கு எடுத்த கார் கவிழ்ந்தது. ஓட்டியது அவருடைய இளம் பணியாள். மறுநாள் மருத்துவமனையில் முர்னோ இறந்தார், வயது 42. ஒரு வாரத்தில் படம் வெளிவந்ததால், விளம்பரத்துக்குச் சாபக்கதை வசதியாக இருந்தது.

ரெரியாக நடித்தவர் பிறகு என்ன ஆனார்?

பெயர் ஆன் ஷெவாலியே, 1912இல் பிறந்தவர், தந்தை பிரெஞ்சுக்காரர். நாகரிகமே அறியாத தீவுப்பெண் என்பது விளம்பரப் பேச்சு. படத்துக்குப் பின் நியூயார்க்கில் ஸீக்ஃபெல்ட் மேடை நிகழ்ச்சியில் ஆடினார், ஐரோப்பா சுற்றினார். போலந்தில் நடிகர் எவ்கேனியுஷ் போடோவோடு சேர்ந்து வாழ்ந்து ‘கறுப்பு முத்து’ (1934) என்ற போலிஷ் படத்தில் நடித்தார். பிறகு தாஹித்தி திரும்பினார். 1977இல் காலமானார். போடோ 1943இல் சோவியத் முகாமொன்றில் இறந்தார்.

இதைப் பார்த்தபின் எதைப் பார்ப்பது?

ஃபிளாஹர்ட்டியின் ‘மோனா’வை முதலில். அதே கடல், அதே ஓடங்கள், கதை என்று ஒன்றும் கிடையாது. இருவர் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது அரைமணி நேரத்தில் புரிந்துவிடும். பிறகு ‘நொஸ்பெராட்டு’. அதில் காட்டேரியை ஏற்றிவரும் கப்பலையும் இதில் ஹிட்டு வரும் கப்பலையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கப்பல் சட்டகத்துக்குள் நுழையும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.